மஸ்கட் மலையிலிருந்து வந்த கல்

என் மகன் மஸ்கட்டுக்குப் போய்ச் சில மாதம் கழித்துத்தான் முதல் போன் பேசினான். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. தெருக்கோடி எஸ்.டி.டி. பூத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவான். அங்கே அவனுக்கு அன்றைக்குத்தான் லீவு. பூத்துக்காரர் ஆள் அனுப்புவார். நானும் மருமகளும் போய் நிற்போம். மருமகள் முதலில் பேசுவாள். அவள் பேசி முடிக்கும்வரை நான் வெளியில் நின்றுகொள்வேன். அப்புறம் என் கையில் கொடுப்பாள்.

என்னிடம் அவன் மலையைப் பற்றித்தான் பேசுவான். நான் சாப்பிட்டியா என்று கேட்பேன், சாப்பிட்டேன் என்பான். அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. பெற்ற பிள்ளையானாலும் போனில் பேச எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் பேசாமல் நிற்கிறேனே என்றுதான் அவன் மலையை எடுப்பான்.

"இங்க மலயெல்லாம் மொட்டையா கெடக்குதும்மா. ஒரு புல்லு பூண்டு கெடையாது. சூளையில கருகிப்போன செங்கல்லு மாதிரி இருக்குது."

"அப்ப ஆடு மாடு எதடா மேயும்?"

"ஆட்ட நானும் பாத்தேன். அட்டப் பெட்டிய மேயுதும்மா."

அங்கே மலையைக் குடைந்து ரோடு போட்டார்கள். பாறையில் துளை போடுகிற மிஷினில் அவனுக்கு வேலை. பகலெல்லாம் அந்தக் கல் தோசைக்கல்லாய்க் காயுமாம். பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்ததும் மலை மேலே எங்கேயோ டப் டப்பென்று வெடிக்குமாம். முதல் தடவை கேட்டபோது யாரோ பட்டாசு விடுகிறார்கள் என்று நினைத்தானாம். காலையில் போய்ப் பார்த்தால் பாறை மேல் வெங்காயத் தோல் உரிந்த மாதிரி ஒரு பட்டை கழன்று கீழே கிடக்குமாம்.

இது எனக்கு உடனே புரிந்தது. பீங்கான் செய்கிற எங்கள் ஊரில் இது தெரியாதவர்கள் கிடையாது. சூளை ஆறுவதற்கு முன்னால் அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் வெளிக்காற்று பட்டதும் உள்ளே இருக்கும் பீங்கானெல்லாம் டிங் டிங்கென்று சத்தம் போடும். மேலே மயிரிழை மாதிரி கோடு விழும். அந்த மலைக்குத் தினமும் சாயங்காலம் யாரோ சூளைக் கதவைத் திறந்துவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவனிடம் சொல்லவில்லை.

நான் வேலை செய்தது ஒரு சின்ன பீங்கான் கம்பெனி. கரண்டு பியூஸ் மாட்டுகிற பீங்கான்கட்டைதான் அங்கே நிறையப் போட்டார்கள். கரூர்ப் பக்கமிருந்து லாரியில் கல் வரும். வெங்கச்சங்கல்லும் பெல்ஸ்பார் கல்லும். அதைக் கழுவிப் பொறுக்கி உடைத்துக் கொடுப்பது பெண்களாகிய எங்கள் வேலை. வெள்ளைக் கல்லில் செம்பட்டை ஏறியிருந்தால் அந்தப் பக்கத்தைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட வேண்டும். விட்டால் சூளையில் வெந்து வரும்போது பீங்கான் மேல் கறுப்புப் புள்ளி விழும். நாங்கள் கொடுக்கும் கல்லை மில்லுக்காரர் அரைப்பார். மில் என்றால் ஆள் உயரத்துக்குப் படுத்திருக்கும் பெரிய உருளை. கல், களிமண், தண்ணீர் எல்லாம் போட்டு மூடிச் சுற்றவிட்டால் பொழுதோடு கல்லெல்லாம் கரைந்து கூழாகிவிடும். அந்தக் கூழை அச்சில் ஊற்றுவது என் மருமகள். ஒரே கம்பெனியில் நான் கல் முனையிலும் அவள் அச்சு முனையிலும் இருந்தோம்.

ஒருமுறை லீவில் வந்த ஒருவரிடம் மகன் போட்டோக்கள் கொடுத்தனுப்பினான். அதை நான் வேலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கல் பொறுக்கும் பெண்கள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்கள். ஒரு போட்டோவில் மலை முழுக்க வரி வரியாக, அவசரத்தில் சுருட்டி வைத்த சேலை மாதிரி மடிந்து கிடந்தது. இன்னொன்றில் மணல் காட்டில் ஒரே ஒரு பாறை நின்றது. அடியில் சிறுத்து மேலே குடை மாதிரி விரிந்திருந்தது. காற்றில் பறக்கிற மணல் தரையோடு தரையாகத்தான் அடிக்குமாம். அதனால் அடிப்பக்கம் மட்டும் தேய்ந்து போகுமாம். குடைக்குக் கீழே அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"யக்கா, ஒம் மவன் எல்லா போட்டோலயும் கல்லத்தான் எடுத்திருக்கான். பொண்டாட்டிக்கு ஒரு கட போட்டோ, ஒரு கார் போட்டோ அனுப்பத் தெரியாதா?"

"இங்க அம்மாக்காரி கல்லு ஒடைக்கிறா, அங்க மவன் கல்லு ஒடைக்கிறான். அந்தப் பொண்ணு பாவம், வூட்லயும் கல்லு, போட்டோலயும் கல்லு."

மருமகள் அச்சு முனையிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அது கல்லு இல்ல சின்னம்மா, எங்க வூட்டுக்காரரு. நல்லா பாருங்க."

எல்லோரும் சிரித்தோம்.

போன் வந்தால் பூத்துக்காரர் எப்போதும் ஆள்தான் அனுப்புவார். அந்தத் தடவை அவரே வந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று மருமகளைக் கேட்டார். அவள் செருப்புகூடப் போடாமல் அவரோடு போனாள். நான் மூன்றாம் தண்ணீரையும் வடித்து அரிசியை உலையில் போட்டேன். என்னவோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கை அதன் வேலையைச் செய்தது.

அந்த ஊரில் மழையே பெய்யாது என்பான். அந்த வாரம் பெய்திருக்கிறது. விட்டு விட்டு இரண்டு நாள். மறுநாள் வெயிலில் வேலைக்குப் போயிருக்கிறார்கள். மலையின் ஒரு முகம் அப்படியே நழுவி இறங்கிவிட்டது. கீழே இருந்தவர்களில் இரண்டு பேரை எடுத்தார்கள். என் மகனை எடுக்க முடியவில்லை. கொஞ்ச நாள் தோண்டிப் பார்த்தார்கள். தோண்டத் தோண்ட மேலேயிருந்து இன்னும் சரிந்ததாம். கடைசியில் அந்தப் பக்கமே வேண்டாமென்று விட்டுவிட்டு ரோட்டை வேறு வழியாகத் திருப்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு ஜனம் வந்தது. எல்லோரும் அழுதார்கள். நான் அழுவேன் என்று காத்திருந்தார்கள். எனக்கு வரவில்லை. கல் வேலையில் பச்சைத் தண்ணீரிலேயே கிடந்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கும். ஊசி குத்தினால்கூட சில சமயம் தெரியாது. உள்ளேயும் அப்படித்தான் இருந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். கல்லைக் கழுவினேன். பொறுக்கினேன். பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

மருமகளும் அழவில்லை. அவள் சங்கதி வேறு.

"பாடி பாத்தாங்களா? இல்லல்ல. அப்பறம் என்னாத்துக்கு அழுவுறீங்க? அடிபட்டு எந்த ஆஸ்பத்திரில கெடக்கறாரோ. பேரு தெரியாம வெச்சிருப்பாங்க" என்று வந்தவர்களிடம் சொன்னாள். தாலியைக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் பூ வைத்துக்கொண்டுதான் வந்தாள். பெஞ்சில் பின்னால் உட்கார்ந்தவர்கள் குசுகுசுவென்று பேசியது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் சனங்களுக்கு அது பெரிய நாள். ஒரு வாரம் முன்னாலேயே போய்ப் புல் செதுக்கி, வெள்ளையடித்து வைப்பார்கள். அன்றைக்குப் பூ, மெழுகுவத்தி, ஊதுவத்தி. அவரவர் வீட்டுக் கல்லறைக்கு முன்னால் நிற்பார்கள். சாமியார் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். நான் என் வீட்டுக்காரர் கல்லறையில் வத்தி ஏற்றினேன். மகனுக்கு ஒன்று வாங்கியிருந்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் வைத்தேன். கல்லறை தெரியாதவர்களுக்கு, கடலில் போனவர்களுக்கு, எல்லோருக்கும் அங்கேதான் வைப்பார்கள். ஒன்றோடொன்று ஒட்டி உருகி ஒரே மெழுகாகக் கிடக்கும். என் வத்தி எதுவென்று கொஞ்ச நேரத்தில் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு அது ஒன்று வேண்டும் என்று ஆனது. அவனுக்கென்று ஒரு குழி. அவன் அப்பா பக்கத்தில் இடம் இருந்தது. ஆனால் குழியில் வைக்க என்ன இருக்கிறது? அதையும் மருமகளிடம் எப்படிச் சொல்வது? குழி வெட்டினால் அவள் புருஷன் செத்துப்போனான் என்று நானே ஊருக்குச் சொல்வதுபோல் ஆகும். சாமியாரிடம் கேட்கலாம் என்று நாலைந்து ஞாயிறு பூசை முடிந்து நின்றேன். அவர் கிட்டே வந்ததும் "தோத்திரம் சாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

அடுத்த வருஷம் ஆவணியில் மகனோடு வேலை செய்த பையன் ஒருவன் லீவில் வந்தான். வேப்பூர்ப் பக்கம் ஊர். அங்கே கல் அள்ளும் வண்டி ஓட்டினவன். மகனுடைய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் வந்ததும் மருமகள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பையன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினான். "அந்த மல ஒரு காலத்துல கடலுக்கு அடியில கெடந்துச்சாம்மா. எங்க சர்வே இன்ஜினியரு சொல்லுவாரு. மேல ஏறிப் பாத்தா கல்லுக்குள்ள சிப்பி இருக்கும், நத்த இருக்கும். ஒம் மவன் பொறுக்கிப் பொறுக்கி ஜோப்புல போட்டுக்குவான். கன்னங்கரேல்னு பாறை, நடுவுல நடுவுல வெள்ளையா நரம்பு ஓடும். அந்த நரம்பு வழியாத்தான் தண்ணி உள்ள எறங்கும். வெயில்ல வெடிச்ச வெடிப்பு, அதுல மழத்தண்ணி. ஈரத் தரையில சாக்கு நழுவுற மாதிரி, ஒரே வழுக்கு."

நான் தலையை ஆட்டினேன்.

பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தான். ஒரு கல். இரண்டு கை கொள்ளுகிற அளவு. வெள்ளை நரம்பிலிருந்து உடைந்தது. ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் தடவின மாதிரி பழுப்பாக மினுங்கியது. வெயிலில் வருஷக்கணக்காகக் கிடக்கிற கல்லுக்கு அங்கே அப்படி ஒரு பூச்சு ஏறுமாம்.

"மல அவன் மேல விழுந்த எடத்துலேருந்து எடுத்தது. ஏர்போர்ட்ல புடிச்சிக்கிட்டாங்க. இது என்னா, கல்ல எதுக்குக் கொண்டுபோறன்னு. சிநேகிதன்னு சொன்னேன். அந்த ஆபீசரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு விட்டுட்டாரு."

கல்லை வாங்கினேன். கனமாக இருந்தது. என் கை வழக்கப்படி செம்பட்டை எந்தப் பக்கம், எங்கே தட்டினால் போகும் என்று தடவிப் பார்த்தது. அப்புறம் நிறுத்திக்கொண்டேன்.

அவனிடம் எப்படியோ வாய் வந்தது. இதை வைத்து ஒரு குழி போட முடியுமா, சாமியாரைக் கேட்டுச் சொல்கிறாயா என்றேன். அவன் அன்றைக்கே என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அவன் பேசினான், நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். சாமியார் வயதானவர். கல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்லுக்கு நான் மந்திரிக்க முடியாதும்மா. ஆளுக்கு மந்திரிப்போம், கல்லு கூட இருந்துட்டுப் போவுது. ஆனா ஒம் மருமக சரின்னு சொல்லணும். அவ சொல்லாம நான் தொட மாட்டேன்."

மருமகள் சரி என்று சொல்லவில்லை.

"குழி வெட்டுனீங்கன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன் அத்த" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அந்தக் கல்லையும் வூட்ல வெக்காதீங்க. எனக்குக் கண்ண மூட முடியல."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கல்தான் அவன் மேல் விழுந்தது. அதைத் துண்டோடு எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். நான் உட்கார்ந்து கல் உடைக்கும் இடத்தில், மனைக்கட்டைக்குப் பின்னால் சுவரோரமாக வைத்தேன். வேலை செய்யும்போது முதுகுக்குப் பின்னால் அது இருந்தது. அங்கே கல்லுக்கு நடுவில் கல் இருப்பதை யாரும் ஏனென்று கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தது.

அந்தப் பையன் திரும்பிப் போவதற்கு முன்னால் சொல்லிக்கொள்ள வந்தான். அது ஆயுதபூசைக்கு முந்தின நாள். நானும் மருமகளும் வேலைக்குப் போகாமல் அவனுக்குச் சமைத்து வைத்திருந்தோம். இந்தத் தடவை மருமகள் உள்ளே போகவில்லை. அவன் சாப்பிடும்வரை சுவரில் சாய்ந்து நின்றாள். கை கழுவி வந்ததும் கேட்டாள்.

"அண்ணே, நீங்க பாத்தீங்களா?"

அவன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் இல்லை.

"எல்லாரும் மல விழுந்துச்சு, மல விழுந்துச்சுன்றாங்க. நான் மலயக் கேக்கல. அவரப் பாத்தீங்களா, பாக்கலயா?"

"பாத்தேன் தங்கச்சி."

"எங்க நின்னாரு?"

"மிஷினுகிட்ட. நான் வண்டியில ஒக்காந்திருந்தேன். மேல மண்ணு கொட்டுறதப் பாத்து ஆரன் அடிச்சேன். அவன் திரும்பி என்னைப் பாத்தான். எதுக்கு அடிக்கிறன்னு கையக் காட்டினான். அவ்ளோதான். அப்பறம் அங்க மலதான் இருந்துச்சு."

அவள் அவன் சாப்பிட்ட இலையை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தாள். சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"போய் அந்தக் கல்ல எடுத்துக்கிட்டு வாங்க அத்த. சாமிகிட்ட சொல்லிடுங்க. சிலுவையில பேரு மட்டும் எழுதட்டும். செத்த நாளுன்னு எழுத வேணாம்."

பஸ்ஸுக்குப் போகிற வழியில் சாமியாரிடம் தானே சொல்லிவிட்டுப் போவதாக அந்தப் பையன் சொன்னான். நான் கம்பெனிக்கு நடந்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். ஆயுதபூசைக்கு முந்தின நாள் தரையில் ஒரு கல்கூடக் கிடக்கக் கூடாது. உடைத்தது, உடைக்காதது, மூலையில் ஒதுங்கியது எல்லாவற்றையும் பொறுக்கிக் கழுவி மில்லில் போட்டு அரைத்து முடித்துவிட வேண்டும். பாதி வேலை பூசைக்குக் காத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பார்கள். மறுநாள் மில் காலியாக இருக்கும், அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். வேதக்காரர்களான நாங்கள் பின்னால் நின்று பொரி வாங்கிக்கொண்டு வருவோம். எத்தனையோ வருஷம் நானே அப்படித் தரையைக் கூட்டி ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குப் பாதி வழியில்தான் அது நினைவுக்கு வந்தது.

நான் போனபோது தரை கழுவி ஈரமாக இருந்தது. கோலம் போடத் தொடங்கியிருந்தார்கள். என் மனைக்கட்டை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் அந்தத் துண்டு அலசிக் காயப்போட்டிருந்தது. மில் சுற்றிக்கொண்டிருந்தது.

மில்லுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "வாக்கா, லீவு போட்டுட்டு வேவு பாக்க வந்தியா? ஒன் எடத்த நானே சுத்தம் பண்ணிட்டேன். கல்ல யாராவது துண்டுல சுத்தி வெப்பாங்களா? குளிருதுன்னு வெச்சியா?" என்றார்.

நான் மில்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்ல கல்லுக்கா. வெளுப்புன்னா வெளுப்பு. ஒரு பக்கம் மட்டும் பழுப்பு ஏறிக் கெடந்துச்சு, அதத் தட்டி எடுத்துட்டு ஒடச்சுத்தான் போட்டேன். என்னாக்கா? ஏன் இப்படி நிக்கிற?"

சொன்னேன். இரண்டு வார்த்தையில்தான் சொன்னேன். மில் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். அது முழுக்க நிற்கும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூடியைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாகக் கூழ், பால் மாதிரி. அரைக்கப் போடுகிற கூழாங்கற்கள்தான் உருண்டையாகத் தலை காட்டின. கையை விட்டுத் துழாவினார். காலையிலிருந்து சுற்றின மில். தோள்வரை வெள்ளையாக எடுத்தார். கையில் ஒன்றும் இல்லை.

தட்டி எடுத்த பழுப்புச் சில்லு எங்கே என்று கேட்டேன். குப்பையோடு டிராக்டரில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா" என்றார். கல்லில்தான் எத்தனையோ வருஷம் அந்த மனுஷன் பிழைக்கிறார். கல்லென்றால் அரைப்பதற்கு என்றுதான் அவருக்குத் தெரியும்; எனக்கும் அப்படித்தான்.

"பரவால்லங்க. மூடிப் போட்டுடுங்க. நின்னுபோச்சுன்னா அடியில கட்டிக்கும்" என்றேன்.

மருமகளிடம் வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அந்தக் கூழ நான்தான ஊத்தணும்" என்றாள்.

மறுநாள் பூசையில் பொரிப் பொட்டலத்தோடு மில்லுக்காரர் ஒரு பாலிதீன் பையைக் கொண்டுவந்தார். அந்தக் கூழிலிருந்து வடிகட்டிப் பிழிந்த மண், ஒரு உருண்டை. "இதையாவது வெச்சுக்கோங்க" என்று நீட்டினார். நான் கை நீட்டப் போனேன். மருமகள் தடுத்தாள்.

"அது கம்பெனி மண்ணு அண்ணே. எல்லாக் கல்லும்தான் கலந்து கெடக்குது. வேணாம், எடுத்துக்கிட்டுப் போங்க." அவர் மனம் நோகக் கூடாதென்று அவர் கையிலிருந்த பொரியில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

பூசை முடிந்து மில் திரும்பச் சுற்றத் தொடங்கிய அன்று அந்தக் கூழ் அச்சு முனைக்குப் போனது. அவள் ஜக்கில் மொண்டு மொண்டு ஊற்றினாள். நான் இங்கிருந்து பார்த்தேன். எப்போதும் ஊற்றுகிற மாதிரிதான் ஊற்றினாள், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல். அது பியூஸ் கட்டையாகி, சூளையில் வெந்து, பெட்டியில் வைக்கோல் வைத்துக் கட்டி லாரியில் போனது. எந்த ஊர், எந்த வீட்டுச் சுவர் என்று யாருக்குத் தெரியும்.

அந்தப் பையன் சொன்னபடி சாமியாரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சாமியார் கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரத்தில் ஒரு காலையைக் குறித்துச் சொல்லியனுப்பினார். கல் இல்லை என்று போய்ச் சொல்ல வேண்டும். தினமும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். கோயில் கேட்டுவரை போவேன். அவர் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார். திரும்பி வந்துவிடுவேன். மருமகளும் போய்ச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் காலையில் நாங்கள் இரண்டு பேரும் வெறுங்கையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் குழி வெட்டி முடித்திருந்தார்கள். ஆளுக்கு வெட்டுகிற அளவு இல்லை, அதில் பாதி. எங்கள் பக்கத்துச் செம்மண், சரளைக்கல் கலந்தது. கடப்பாரை போட்டுத்தான் வெட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் மண் சிவப்பாகக் குவிந்து கிடந்தது. மரச் சிலுவையில் பேர் எழுதித் தயாராக இருந்தது.

சாமியார் அங்கி போட்டுக்கொண்டு வந்தார். "கல்லு எங்கம்மா?" என்றார்.

நான் காலைப் பார்த்தேன்.

மருமகள்தான் சொன்னாள். "அரச்சிட்டாங்க சாமி."

"என்னாது?"

"கம்பெனியில. தெரியாம மில்லுல போட்டு அரச்சிட்டாங்க. பியூஸ் கட்ட ஆயிடுச்சு."

சாமியார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குழி வெட்டினவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "வெட்டுன குழிய வெறுமனே மூடறது வழக்கம் இல்லீங்க சாமி. ஆகாதுன்னு சொல்லுவாங்க" என்றார்.

"வெறுமனே யாரு மூடச் சொன்னா. இரு" என்றார் சாமியார். அப்புறம் என்னிடம் வந்து குனிந்து மெதுவாகக் கேட்டார். "நீ சொல்லும்மா. மூடணுமா? வேற ஏதாவது கொண்டு வரியா? அவன் சட்ட, துணி ஏதாவது இருக்குதா?"

பெட்டியில் சட்டை இருந்தது. எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தச் சட்டையை மருமகள் தலைக்கு வைத்துப் படுக்கிறாள் என்றும் எனக்குத் தெரியும். அதைக் கொண்டுவா என்று சொல்ல மாட்டேன்.

"ஒண்ணும் வேணாம் சாமி. குழி இருந்தா போதும்" என்றேன். தோத்திரம் தவிர அந்த வருஷத்தில் சாமியாரிடம் நான் பேசினது அதுதான்.

அவர் மருமகளைப் பார்த்தார். அவள் குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே குனிந்தாள். அடக்கத்தில் முதல் பிடி மண் சொந்தக்காரர் போட வேண்டும். ஒரு பிடி அள்ளி உள்ளே போட்டாள். சரளைக்கல் கீழே விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. பெட்டி இருந்தால் அதன்மேல் விழுகிற சத்தம் வேறாக இருக்கும். அது எனக்குத் தெரியும். பிறகு நான் ஒரு பிடி போட்டேன். சாமியார் அவன் பேரைச் சொல்லிச் செபம் சொன்னார். "ஆமென்" என்று மருமகள் சொன்னது எனக்குக் கேட்டது.

குழி வெட்டினவர் மண்ணைத் தள்ளினார். எடுத்த மண் எல்லாம் திரும்ப உள்ளே போகும், தரை மட்டமாகிவிடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. குழி நிறைந்த பிறகும் மண் மிச்சம் இருந்தது. அதையும் அள்ளிப் போட்டுத் தட்டினார். என் வீட்டுக்காரர் கல்லறை பக்கத்தில் இன்னொரு மேடு வந்தது.

மருமகள் பார்த்துக்கொண்டே நின்றாள். "உள்ள ஒண்ணும் இல்லாமயே இவ்ளோ மேடு வருமா?" என்று கேட்டாள்.

"தோண்டின மண்ணு ஒடனே அடங்காதும்மா. ரெண்டு மழ பேஞ்சாத்தான் குந்தும்" என்றார் அவர்.

கல்லறைத் திருநாளன்று மழை. மெழுகுவத்தி நிற்கவில்லை. மருமகள் குடையைப் பிடித்துக்கொள்ள நான் நாலு தடவை ஏற்றினேன். சாமியார் வரிசையாக வந்து எங்கள் இரண்டு மேட்டுக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்ததுக்குப் போனார். பின்னால் நின்றவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தலையில் அன்றைக்கும் பூ இருந்தது. தாலியும் இருந்தது. அதைப் பற்றி நான் கேட்டதில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் மேடு ஒரு சாண் இறங்கிவிட்டது. நடுவில் பள்ளமாகித் தண்ணீர் தேங்கியது. மருமகள் கல்லறைத் தோட்டத்து வேலியோரமாக மண் வெட்டி, இரும்புப் பாண்டுச் சட்டி ஒன்று நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். நான் கையால் நிரவினேன். இப்போதும் வருஷத்துக்கு ஒரு பாண்டு போட வேண்டியிருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் அவளே ஞாபகமாக, "அத்த, மண்ணு போடப் போலாமா" என்று கேட்பாள்.